கரண்டிவாயன்களைக் காத்த ஆசிரியர்

நெதர்லாந்து நாட்டின் மாஸ்ட்ரிக்ட் நகரில், 1865ம் ஆண்டு ஜூலை 25ம் தேதி பிறந்தவர் யாக் தைசே. தந்தை ராணுவத்தில் வேலை பார்த்ததால், குடும்பம் ஊர் ஊராக மாறிக் கொண்டே இருந்தது.

படிப்பு முடிந்ததும், ஆம்ஸ்டர்டாமில் ஆசிரியரானார். பிறகு, 1890ல் டெக்ஸல் என்ற தீவுக்குத் தலைமை ஆசிரியராகப் போனார். நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் தரையிலேயே கூடு கட்டி வாழும் தீவு அது. அங்கே அவர் இருந்தது சில ஆண்டுகள்தான். பறவை ஆசை மட்டும் ஆயுள் முழுக்க ஒட்டிக் கொண்டது!

ஆம்ஸ்டர்டாம் திரும்பியவருக்கு, ஏலி ஹைமன்ஸ் என்ற ஆசிரியர் நண்பரானார். இருவரும் சேர்ந்து, சிறுவர்களுக்காக இயற்கை பற்றிய புத்தகங்கள் எழுதினர். 1896ல் ஓர் இயற்கை இதழையும் தொடங்கினர்.

ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே நார்டர்மேர் என்ற ஏரி இருக்கிறது. நாணல் அடர்ந்த அந்த ஏரியில் கரண்டிவாயன்கள் கூடு கட்டி வந்தன. அலகின் நுனி கரண்டி போலத் தட்டையாக இருக்கும் வெள்ளைப் பறவை, கரண்டிவாயன். நம் வேடந்தாங்கலுக்கும் வரும். இங்கே மரத்தில் கூடு கட்டும். நார்டர்மேரிலோ, நாணல்களுக்கு நடுவே தரையோடு தரையாகத்தான் கூடு. முட்டை பொரிய மூன்று வாரங்களுக்கு மேலாகும். குஞ்சு பறக்க மேலும் ஆறேழு வாரங்கள் வேண்டும். அதுவரை அவற்றுக்குக் காவல் யார் தெரியுமா? சுற்றியுள்ள தண்ணீரும் சேறும்தான்! நரி போன்ற விலங்குகளால் அதைத் தாண்டி எளிதில் வர முடியாது.

அந்நாளில், நெதர்லாந்தில் கரண்டிவாயன்கள் கூடு கட்ட மிஞ்சியிருந்த இடங்கள் மிகச் சில. இந்த நிலையில், 1904ல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஒரு திட்டம் போட்டது. ஊர்க் குப்பையை எல்லாம் நார்டர்மேரில் கொட்டி, ஏரியைத் தூர்த்து விடலாம் என்பதே அது. ஏரி என்றாலே வீணாகக் கிடக்கும் இடம் என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு போலும்.

தைசே பதறிப் போனார். ஏரி போனால், கூடும் போகும். கூடு போனால், அடுத்த தலைமுறைப் பறவை ஏது? நாளிதழில் எழுதினார், மக்களிடம் எடுத்துச் சொன்னார். நகர மன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. திட்டத்துக்கு ஆதரவு 18, எதிர்ப்பு 20. இரண்டே ஓட்டில் ஏரி தப்பியது!

ஆனால், அடுத்த ஆண்டே வேறு யாராவது வேறு திட்டத்தோடு வரலாமே! ஏரியையே விலைக்கு வாங்கி விடுவதுதான் வழி என்று முடிவு செய்தனர் தைசேயும் நண்பர்களும். 1905ல், இயற்கைச் சின்னங்கள் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டி, 1906ல் 1,55,000 கில்டருக்கு ஏரியை வாங்கினர். அந்நாட்டின் முதல் இயற்கைக் காப்பிடம் இதுதான்.

அதே ஆண்டில் இன்னொரு வேலையும் செய்தார். வெர்காடே என்ற பிஸ்கட் நிறுவனம், பாக்கெட்டுக்குள் வண்ணப் படங்கள் வைத்து விற்றது. படங்களைச் சேர்த்து ஒட்டுவதற்கு ஆல்பம் உண்டு. அதில் பூ, பூச்சி, பறவை பற்றி எழுதியவர் தைசே. பிஸ்கட் தின்றபடியே பறவைகளைத் தெரிந்து கொண்டனர் பிள்ளைகள்! நார்டர்மேருக்கும் டெக்ஸலுக்கும் கூட ஆல்பங்கள் வந்தன.

1922ல், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் அவருக்கு கவுரவ டாக்டர் பட்டம் வழங்கியது. இரண்டாம் உலகப் போரின் கடும் பஞ்சக் காலத்தில், 1945 ஜனவரி 8ம் தேதி, தன் 79வது வயதில் காலமானார் தைசே.

பறவைகளின் கதை அத்தோடு முடியவில்லை. பூச்சிமருந்து நஞ்சு நீரில் கலந்ததால், 1960களின் இறுதியில் நெதர்லாந்தில் சுமார் 150 ஜோடிக் கரண்டிவாயன்களே மிஞ்சின. நஞ்சு கட்டுப்பட்டதும் மெல்லப் பெருகின. 1980களின் இறுதியில், நார்டர்மேர் கூடுகளை நரிகள் எட்டிவிட்டன. பறவைகள் அங்கிருந்து கிளம்பின. நரியே இல்லாத வட கடல் தீவுகளில் குடியேறிய கரண்டிவாயன்கள், இன்று நாடு முழுவதும் 2,000 ஜோடிக்கு மேல் உள்ளன. அவை தரையில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் தீவுகளில் ஒன்று, தைசே பாடம் நடத்திய அதே டெக்ஸல்.