கொலைகளை எண்ணிய கணிதர்: எமில் யூலியுஸ் கும்பெல்

ஜேர்மனியில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் மேல் வகுப்புகளில் ஒருநாள் 'கோரெலாட்சியோன்' என்ற சொல்லோடு வீட்டுக்கு வருவார்கள். தமிழில் அதை இணைபு என்போம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒட்டுறவு. இரண்டு மாறிகள் எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்வது. உயரமும் நிறையும் என்றுதான் வழக்கமாக உதாரணம் கொடுப்பார்கள். இதே நாட்டில் உயிரைப் பணயம் வைத்துத் தயாரிக்கப்பட்ட ஓர் அட்டவணையும் இருக்கிறது.

அதைத் தயாரித்த எமில் யூலியுஸ் கும்பெல் 1891இல் மியூனிக்கில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1914இல் மக்கள்தொகைக் கணிப்பை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு தானாக முன்வந்து போருக்குப் போனவர், விரைவிலேயே போர் எதிர்ப்பாளரானார். 1919இல் படையினர் பேர்லினில் அவரது வீட்டுக்குத் தேடி வந்தபோது அவர் வெளிநாட்டில் இருந்ததால் தப்பினார்.

அன்றைய ஜேர்மனியில் அரசியல் கொலைகள் மலிந்திருந்தன. கும்பெல் செய்தித்தாள்கள், நீதிமன்ற ஆவணங்கள், வழக்கறிஞர்கள், இறந்தவர்களின் உறவினர்கள் என்று எல்லா வழியிலும் தேடி ஒவ்வொரு கொலையையும் பதிந்தார். கலவரத்தில், சண்டையில் இறந்தவர்களைச் சேர்க்கவில்லை. எண்ணிக்கையைப் பெருப்பித்தார் என்ற பேச்சுக்கு இடம் வைக்கக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

1922இல் வந்த 'நான்கு ஆண்டு அரசியல் கொலை' என்ற நூலில் கணக்கு இப்படி: வலதுசாரிகள் செய்த கொலைகள் 354; அவற்றில் 326க்கு எந்தத் தண்டனையும் இல்லை. இடதுசாரிகள் செய்தவை 22. தண்டனையின்றிப் போனவை 4. ஒரு கொலைக்குச் சராசரிச் சிறை வலதுசாரிக்கு 4 மாதம், இடதுசாரிக்கு 15 ஆண்டு. மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பத்துப் பேரும் இடதுசாரிகள்.

இதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மாறி, கொலையாளியின் பக்கம். மற்றது, தண்டனை உண்டா இல்லையா. வலதில் தப்பியவை 326, தப்பாதவை 28. இடதில் 4, 18. குறுக்கே பெருக்கிக் கழித்தால், 326×18 − 28×4 = 5756. வரிசை, நிரல் மொத்தங்கள் நான்கையும் (354, 22, 330, 46) பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 10873. வகுத்தால் 0.53.

இவ்வளவுதானா என்று பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. இடது பக்கம் மிகச் சிறிய கூட்டம் என்பதால், இதே மொத்தங்களை வைத்துக்கொண்டு இணைபு 0.67ஐத் தாண்டவே முடியாது. தப்பிய வீதங்களைப் பக்கத்தில் வைத்தால்தான் முகம் தெரியும்: 92 வீதம், 18 வீதம். என் எண்ணத்தில் இணைபு எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகும் ஆசிரியர் பாதிப் பாடத்தைத்தான் நடத்துகிறார். இணைபு காரணத்தைச் சொல்லாது என்பதும் கும்பெலுக்குத் தெரியும். அதனால்தான் அட்டவணையோடு நிற்காமல் ஒவ்வொரு வழக்கிலும் என்ன நடந்தது என்று எழுதினார்.

நீதி அமைச்சே அவரது விபரங்களைச் சரிபார்த்து, பெரும்பாலும் சரியென்று கண்டது. ஆனால் அந்த அறிக்கையை அச்சிடவில்லை. 1924இல் கும்பெலே அதை வெளியிட்டார்.

1923 முதல் ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் கற்பித்தார். நாசி மாணவர்கள் அவருக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். போர்க்காலத்தில் பட்டினி கிடந்தவர்களை நினைத்து, போருக்கான நினைவுச்சின்னமாகக் கோல்ரூபெக் கிழங்குதான் பொருந்தும் என்ற கருத்தில் பேசியதைச் சாட்டாக வைத்து, 1932இல் கற்பிக்கும் உரிமையைப் பறித்தார்கள். 1933இல் அவரது நூல்கள் எரிக்கப்பட்டன. அதே ஆண்டு ஓகஸ்டில் வெளியான முதலாவது குடியுரிமைப் பறிப்புப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

முதலில் பிரான்ஸ், 1940இல் அங்கிருந்தும் தப்பி நியூயோர்க். நாடற்றிருந்த காலத்திலும் அவர் கணக்கை விடவில்லை. ஓர் ஆற்றில் வரக்கூடிய மிகப் பெரிய வெள்ளம் எவ்வளவு என்று மதிப்பிட உதவும் பரம்பலுக்கு இன்று அவர் பெயர்தான். இந்தியப் பொறியியல் மாணவர்களும் கும்பெல் முறை என்று படிக்கிறார்கள். 1958இல் அதுபற்றிய பெருநூல் வந்தது. 1960இல் இரண்டு மாறிகளைச் சேர்த்து ஆராயும் கட்டுரை ஒன்றையும் எழுதினார்.

போர் முடிந்த பின்னும் ஹைடெல்பேர்க்கில் பழைய பதவி கிடைக்கவில்லை. 1966 செப்டம்பரில் நியூயோர்க்கிலேயே காலமானார்.