குழந்தையின் உயரம் அறிந்தவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் பள்ளிகளில் மாணவர் இருக்கைகள் தரையோடு பிணைக்கப்பட்டிருந்தன. பிள்ளைகளின் முதுகெலும்பு வளையாதிருக்க அவற்றை அளந்து வடிவமைப்பதையே ஓர் அறிவியலாக வளர்த்திருந்தனர். மருத்துவரான மரியா மாண்டிசோரி அதனை ஏற்கவில்லை. வளரும் உடலை அசையவிடாமல் அமர்த்துவதே நோய்க்குக் காரணம்; எழுந்து நடமாடும் உரிமையே அதற்கு மருந்து என்பது அவர் முடிவு.

1870 ஆகஸ்டு 31இல் இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்த அவர், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவு வளர்ச்சி குன்றியோர் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கைகளால் தொட்டறியும் பொருள்களைக் கொண்டு கற்பித்தார்.

ரோம் நகரின் சான் லொரென்சோ, ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் குடியிருப்பின் சுவர்களைப் பாழ்படுத்தினர். கட்டடத்தைக் காக்க விரும்பியோர் பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பை மாண்டிசோரியிடம் அளித்தனர். சுவருக்காகப் பிறந்த ஏற்பாடுதான், 1907 ஜனவரி 6இல் தொடங்கிய குழந்தைகள் இல்லம்!

அங்கே பிணைக்கப்பட்ட இருக்கைகள் இல்லை. சிறு குழந்தையே தூக்கிச் செல்லத்தக்க எடையற்ற நாற்காலிகளும், கைக்கெட்டும் உயரத்தில் கழுவுதொட்டிகளும் அமைந்தன. கவனமின்றி நடந்தால் நாற்காலி ஓசையோடு கவிழும். ஆசிரியர் கடிந்துரைக்க வேண்டியதில்லை. உடையும் என்று தெரிந்தே பீங்கான் தட்டுகளையும் குழந்தைகளிடம் கொடுத்தார்.

தொடக்கத்தில் கற்றல் பொருள்கள் பூட்டிய அலமாரியில் இருந்தன. ஒருநாள் பூட்ட மறந்துவிட்டனர். திரும்பிவந்த ஆசிரியை, குழந்தைகள் தாமே பொருள்களை எடுத்து வேலையில் ஆழ்ந்திருக்கக் கண்டார். அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரிகிறது என உணர்ந்த மாண்டிசோரி, அதன்பின் தாழ்வான திறந்த அலமாரிகளையே வைத்தார். வகுப்பறை வரலாற்றில் அந்தப் பூட்டு அகன்றது சிறிய செய்தி அன்று.

முசோலினி அரசோடு முரண்பட்டு 1934இல் தாயகம் நீங்கினார். பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 1939இல் மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது வயது அறுபத்தொன்பது. ஓலை வேய்ந்த கொட்டகைகளில் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு ஆசிரியர் பயிற்சி நடந்தது. அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பகைநாட்டவர் என்று மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார்; தாய் அடையாற்று வளாகத்திற்குள் இருத்தப்பட்டார். தாயின் எழுபதாம் பிறந்தநாளன்று மகனை விடுவித்தது ஆங்கில அரசு. பின்னர்க் கொடைக்கானலில் தங்கிய ஆண்டுகளில், செடியும் பூச்சியும் பாறையும் நிறைந்த மலைச்சாரலே அவர்தம் வகுப்பறையாயிற்று. ஆறு வயதிற்கு மேற்பட்டோருக்கான கல்வித் திட்டம் அங்கேதான் விரிவடைந்தது.

ஏழைகளின் குடியிருப்பில் தோன்றிய முறை, நம் நகரங்களில் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லோர்க்கே வாய்த்தது முரண்தான். ஆயினும் பிற்காலத்தில் தமிழக அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, குழந்தைகள் பாயில் அமர்ந்தனர். அட்டைகளைத் தாமே எடுத்தனர். அவர்கள் எழுதுவதற்கெனச் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை தீட்டப்பட்டது.

மாண்டிசோரி 1952 மே 6இல் நெதர்லாந்தின் நோர்டுவைக் என்னும் கடற்கரை ஊரில் மறைந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.