விந்தணுவின் செவிலித்தாய்: 1865-ல் ஒரு மருத்துவ மாணவர் கண்ட செல்... யார் இந்த என்ரிகோ செர்டோலி?

ஆண் மலட்டுத்தன்மை பற்றிப் படிக்கும்போது அடிக்கடி கண்ணில் படும் பெயர் ‘செர்டோலி செல்’. ஏதோ மருந்துப் பெயர் மாதிரி இருக்கும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். ஒரு ஆணின் உடலில் விந்தணு உருவாகுமா, ஆகாதா என்பதே அவர் கண்டுபிடித்த அந்த செல்லின் கையில்தான் இருக்கிறது.

யார் இவர்?

என்ரிகோ செர்டோலி 1842 ஜூன் 6 அன்று வடக்கு இத்தாலியின் மலை நகரமான சோந்த்ரியோவில் பிறந்தார். அப்போது அந்தப் பகுதி ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. பாவியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். அங்கேதான் மைக்ராஸ்கோப் மேல் அவருக்குப் பிடிப்பு வந்தது.

அப்படி என்ன பார்த்தார்?

ஆணின் விரைக்குள் நூல் போல மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்கும். விந்தணு உருவாவது அங்கேதான். அந்தக் குழாய்க்குள் வளர்ந்துகொண்டிருக்கும் உருண்டை செல்களுக்கு நடுவே, மரம் மாதிரி கிளை விரித்து நிற்கும் வேறொரு வகை செல்லை செர்டோலி கவனித்தார். அதற்கும் விந்தணு உற்பத்திக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று 1865-ல் எழுதினார். அப்போது அவர் வயது 23-ஐத் தாண்டவில்லை.

அடுத்து மேற்படிப்புக்காக வியன்னா போனார். 1866-ல் இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டதும் நாடு திரும்பினார். போருக்குப் பிறகு ஜெர்மனியின் டூபிங்கனில் ஆய்வு செய்தார். 1870 முதல் மிலான் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் பணி. 1907-ல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

அவர் சொன்னதை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. அவை தனித்தனி செல்களா, ஒட்டிக்கிடக்கும் ஒரே திசுவா என்ற சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. 1950-களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான் அவை தனி செல்கள் என்பது உறுதியானது. ஆனாலும் ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் வான் எப்னர் 1888-லேயே அதற்கு செர்டோலியின் பெயரை வைத்துவிட்டார். ஆஸ்திரியாவை எதிர்த்து நாடு திரும்பியவருக்கு, ஆஸ்திரியர் ஒருவரே தந்த மரியாதை!

அந்த செல் என்ன வேலை செய்கிறது?

சங்கப் பாடல்களில் வரும் செவிலித்தாய் மாதிரிதான். பெற்றவள் இல்லை, ஆனால் வளர்ப்பவள். வளரும் விந்தணுவைத் தாங்கிப் பிடித்து, உணவு கொடுத்து, உடலின் எதிர்ப்பு சக்தி தாக்காமல் தடுப்புச் சுவரும் எழுப்புகிறது.

இன்னொரு முக்கியமான வேலையும் உண்டு. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற 2 ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். விரையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். இந்த டெஸ்டோஸ்டிரோனும் எஃப்.எஸ்.எச்.சும் வளரும் விந்தணுவிடம் நேரடியாகப் பேசுவதில்லை. செர்டோலி செல்லிடம்தான் பேசுகின்றன. எஃப்.எஸ்.எச். செல்லின் வெளிச்சுவரில் இருக்கும் ஏற்பியைத் தட்டும். டெஸ்டோஸ்டிரோன் உள்ளேயே போய், தனக்கான ஏற்பியோடு சேர்ந்து டி.என்.ஏ.வில் அமரும். உடனே சில மரபணுக்கள் ஆன் ஆகும், சில ஆஃப் ஆகும். அதில் கிடைக்கும் புரதங்களை வைத்துத்தான் விந்தணு வளர்கிறது.

செர்டோலி செல்லில் மட்டும் டெஸ்டோஸ்டிரோன் ஏற்பியை நீக்கிய எலிகளை வைத்து 2004-ல் ஆய்வு முடிவுகள் வெளியாயின. அவற்றில் விந்தணு உற்பத்தி பாதி வழியிலேயே நின்றுபோனது.

ஜிம்முக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சிக்ஸ் பேக் ஆசையில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ரத்தத்தில் ஹார்மோன் ஏறியதும், போதுமே என்று நினைத்து பிட்யூட்டரி தன் 2 ஹார்மோன்களையும் குறைத்துவிடும். விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஊசியால் அந்த அளவை எட்ட முடியாது. செர்டோலி செல்லுக்கு உத்தரவு வராது, விந்தணு எண்ணிக்கை சரியும், சிலருக்கு பூஜ்ஜியமே ஆகிவிடும். இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து, 1990-ல் முடிவை வெளியிட்டது.

நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு எண்ணிக்கை திரும்பும். ஆனால் பல மாதங்கள் ஆகும். ஒரு விந்தணு உருவாகவே 2 மாதத்துக்கு மேல் ஆகிறதே! அதனால் ஊசி போட்டிருந்தால், குழந்தைக்குத் திட்டமிடும்போது டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

செர்டோலிக்கு இதெல்லாம் தெரியுமா?

தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஹார்மோன் என்ற சொல் 1905-ல்தான் வந்தது. மரபணுவைக் குறிக்கும் ‘ஜீன்’ என்ற சொல் 1909-ல் வந்தது. அடுத்த வருஷம், 1910 ஜனவரி 28 அன்று, பிறந்த ஊரான சோந்த்ரியோவிலேயே செர்டோலி காலமானார். அந்த 2 சொற்களும் சந்திக்கும் இடம் தான் இளவயதில் பார்த்த செல்தான் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.