இசையை வரைந்த சியுர்லியோனிஸ்

பாட்டைக் காதால்தான் கேட்போம். அதைக் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்தவர் சியுர்லியோனிஸ்.

லிதுவேனியாவில் 1875-ல் பிறந்தார். அப்பா சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். ஓகின்ஸ்கி என்ற பிரபு பண உதவி செய்ய, வார்சாவில் இசை படித்து 1899-ல் முடித்தார். அதோடு நிற்கவில்லை. 28 வயசில் மறுபடியும் மாணவராகி, 1904-ல் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்!

சொனாட்டா என்ற இசையில் அல்லெக்ரோ, அந்தாந்தே, ஃபினாலே என்று பகுதிகள் உண்டு. அதாவது வேகம், நிதானம், முடிவு. அதே பெயர்களில் படம் வரைந்தார். 1908-ல் வரைந்த கடல் சொனாட்டாவில் மூன்று படங்கள். முதலில் துள்ளும் அலைகள், நடுவில் அடங்கிய கடல், கடைசியில் சின்னப் படகுகள் மேல் எழும்பி நிற்கும் ராட்சத அலை. அதன் நுரையில் அவர் பெயரின் முதலெழுத்துக்கள் தெரியும்.

1911-ல் நிமோனியா வந்து 35 வயசில் இறந்தார். பெற்ற மகளைப் பார்க்கவே இல்லை. ஓவியங்கள் காவுனஸ் நகர மியூசியத்தில் இருக்கின்றன.

எங்க குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். டிப்ளமோ முடிச்சா போதும், வேலைக்குப் போ என்கிறார் அப்பா. அதுவும் நியாயம்தான். ஆனால் டிராயிங் போர்டு முன்னால் நிற்கும்போதெல்லாம் இவர் ஞாபகம் வருது. ஒரு படிப்பு இன்னொரு படிப்புக்குக் கதவு திறக்கும், நண்பர்களே!