குணங்குடியார் எதைத் தேடித் தனித்திருந்தார்?

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றதும் உமறுப் புலவருக்கு அடுத்தபடியாக நம் நினைவுக்கு வருபவர் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள். அவருடைய கண்ணிகளின் ஓசை நயத்தையும் உவமைகளையும் நாம் ரசிக்கிறோம். ஆனால் அந்தப் பாடல்களுக்கு ஊற்றாக இருந்த அவருடைய தியான வாழ்வைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. அவர் எதற்காகக் காட்டிலும் மலையிலும் தனித்திருந்தார்? இந்தக் கேள்விக்கு அவருடைய காலத்திலேயே ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை வைத்திருந்தனர்.

அவரது இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடி என்னும் சிற்றூரில் 1792ஆம் ஆண்டு பிறந்தார். கீழக்கரைக்குச் சென்று தைக்கா சாகிபு ஆலிம் அவர்களிடம் மார்க்கக் கல்வி கற்றார். வீட்டார் மாமன் மகளை அவருக்கு மணம் பேசியபோது, அதற்கு இசையாமல் இல்லற ஆசையைத் துறந்து வெளியேறினார் என்று அவருடைய வரலாறு கூறுகின்றது. 1813ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளி மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் தீட்சை பெற்று, காதிரிய்யா தரீக்காவில் இணைந்தார்.

அதன்பின் மதுரைக்கு அருகில், முஸ்லிம்கள் சிக்கந்தர் மலை என்றழைக்கும் திருப்பரங்குன்றத்தில் 40 நாட்கள் கல்வத் இருந்தார். கல்வத் என்றால் மனிதரை விட்டு விலகி, இறை நினைவில் தனித்திருத்தல். மூஸா (அலை) அவர்கள் தூர் மலையில் 40 இரவுகளை நிறைவு செய்ததை அல்குர்ஆன் கூறுகின்றது. சூபிகள் தம் தனிமைக்கு 40 நாள் என்று கணக்கு வைப்பதன் பின்னணி அதுதான். பின்னர் சதுரகிரி, நாகமலை, ஆனைமலை என்று பல மலைகளிலும் காடுகளிலும் அவர் அலைந்தார். இறை காதலில் தம்மை மறந்து திரிந்ததைக் கண்ட மக்கள் அவரை மஸ்தான் என்றனர். அப்பெயரே நிலைத்துவிட்டது.

இறுதியில் அவர் சென்னை இராயபுரத்துக்கு வந்து தங்கினார். அங்கே மக்கள் அவரைத் தேடி வந்தனர். நோய் தீர வேண்டும், கவலை நீங்க வேண்டும் என்று வந்தவர்களுக்கு அவருடைய தியானம் கராமத்துகளைத் தரும் ஒரு வல்லமையாகத் தெரிந்தது. இந்து அன்பர்களோ அவரை ஒரு சித்தராகவும், தாயுமானவர் வழியில் வந்த ஞானியாகவும் கண்டனர். அவர்களுக்கு அவருடைய தியானம் முத்திக்கான யோகம். திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார் என்றால், அந்த மதிப்பு எத்தகையது என்று நாம் விளங்கிக்கொள்ளலாம். குணங்குடியாரும் அகத்தீசரை முன்னிலைப்படுத்தி ஒரு சதகமும், முகியித்தீன் ஆண்டகையை முன்னிலைப்படுத்தி ஒரு சதகமும் பாடியவர். தரீக்காவைச் சேர்ந்தவர்களுக்கு அவருடைய தியானம் திக்ரு. நப்ஸை அடக்கி, உள்ளத்தைக் கழுவி, அல்லாஹ் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற விழிப்பில் நிலைத்திருப்பதே அதன் நோக்கம்.

எதிர்க் கருத்தும் உண்டு. இஸ்லாத்தில் துறவறம் இல்லை, மணம் முடிப்பது நபிவழி, அப்படியிருக்க இவர் ஏன் வீட்டைத் துறந்தார் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திக்ரு மஜ்லிஸ்களைப் பற்றி மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள நம் ஊர்களிலும் இருவேறு நோக்குகள் உண்டு என்பதை நாம் அறிவோம். ஒரே வீட்டில் மூத்தம்மா ராத்திபுக்குப் போவார். பேரனோ அதற்கு ஆதாரம் கேட்பான். இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது என்பதே என் எண்ணம்.

இதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வு ஒரு வழி காட்டுகின்றது. பக்தாத் நிழாமிய்யாவின் பெரும் ஆசிரியராக இருந்த அவர், தம் கல்வியில் புகழாசை கலந்துவிட்டதை உணர்ந்து 1095இல் அப்பதவியைத் துறந்து போனார். ஏறத்தாழ 11 ஆண்டுகளின் பின்னர் நிஷாபூரில் மீண்டும் கற்பிக்க வந்தார். அவருக்குத் தனிமை ஒரு மருந்து. மருந்து உண்பது நோய் தீர்ந்து எழுந்து நடப்பதற்காகத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நபி (ஸல்) அவர்கள் ஹிறாக் குகையில் தனித்திருந்தார்கள். வஹீ வந்ததும் மலையிலிருந்து இறங்கி, கதீஜா நாயகியிடம் திரும்பி வந்தார்கள்.

குணங்குடியார் மணம் முடிக்கவில்லை. அந்த வகையில் அவருடைய வழி எல்லோருக்கும் உரிய வழியன்று. ஆயினும் அவரும் மலையிலேயே இருந்துவிடாமல் பட்டணத்துக்கு வந்து, மக்கள் நடுவில் வாழ்ந்து, அவர்களுக்கு விளங்கும் தமிழில் பாடினார். எதை அடைந்தேன் என்று அவர் பெருமை பேசவில்லை. எக்காலக்கண்ணி என்ற பெயரே அதற்குச் சான்று. அத்தனை ஆண்டு தனிமைக்குப் பிறகும், அந்த நிலை எனக்கு எப்போது வாய்க்கும் என்று ஏங்குகிறவராகவே அதில் அவர் நிற்கிறார். அவரிடம் வந்தவர்கள் வல்லமையைத் தேடினார்கள், அமைதியைத் தேடினார்கள், முத்தியைத் தேடினார்கள். அவரோ அல்லாஹ்வைத் தேடினார். மற்றவை கிடைத்தனவா இல்லையா என்று அவர் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஹிஜ்ரி 1254இல், அதாவது 1838இல், இராயபுரத்தில் அவர் இறையடி சேர்ந்தார். அவருடைய அடக்கத்தலம் இன்றும் அங்கே இருக்கின்றது.

அன்புச் சகோதரிகளே, பரீட்சை நெருங்கும்போது மன அமைதிக்காகத் தியானம் செய்யுங்கள் என்று நமக்குச் சொல்லப்படுகின்றது. அதில் பிழையில்லை. உள்ளங்கள் அமைதி பெறுவது இறை நினைவாலேயே என்று நம் வேதமும் சொல்கின்றது. ஆனால் அமைதி மட்டுமே நோக்கமாகிவிட்டால், பரீட்சை முடிந்ததும் தஸ்பீஹும் மூலைக்குப் போய்விடும். நாம் மலையேற வேண்டியதில்லை. சுபஹுத் தொழுகைக்குப் பின் பாயை விட்டு எழாமல் சிறிது நேரம் இருந்தாலே அது நமக்கொரு கல்வத்துதான். அதிலிருந்து எழுந்து வந்து உம்மாவிடம் எப்படிப் பேசுகிறோம், தங்கையிடம் எவ்வளவு பொறுமையாக இருக்கிறோம் என்பதைப் பார்த்தால், எதற்காக உட்கார்ந்தோம் என்பது நமக்கே விளங்கிவிடும்.