பிராங்கி லைமன்

பிராங்கி லைமன் (செப்டம்பர் 30, 1942 – பிப்ரவரி 27, 1968) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பாடகர். ரிதம் அண்ட் புளூஸ், ராக் அண்ட் ரோல் ஆகிய இசை வகைகளில் பாடியவர். டூ-வாப் எனப்படும் குரலிசையைப் பாடிய டீனேஜர்ஸ் என்ற குழுவின் முன்னணிப் பாடகராக, 13 வயதிலேயே உலகப் புகழ் பெற்றார். 1956 ஆம் ஆண்டு வெளிவந்த 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்ற காதற்பாடல் இவரது மிகவும் அறியப்பட்ட பாடலாகும். பேதைகள் ஏன் காதல்வயப்படுகிறார்கள் என்பது அத்தலைப்பின் பொருள். இவரது புகழ் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே நீடித்தது. 25 ஆம் வயதில் இவர் இறந்தார். எனினும், அப்பாடலை எழுதியவர் யார், அதன் வருவாய் யாருக்கு உரியது என்ற வழக்குகள் இவர் இறந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் வரை நீடித்தன.

இளமை

லைமன் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சரக்குந்து ஓட்டுநர். தாய் வீட்டு வேலை செய்பவர். இருவரும் ஹார்லெமெயர்ஸ் என்ற கிறித்தவப் பக்தியிசைக் குழுவில் பாடி வந்தனர். லைமனும் அவரது சகோதரர்களும் அக்குழுவின் சிறுவர் பிரிவில் பாடினர். குடும்பத்தின் வருவாய் போதாமையால், லைமன் 10 வயதிலேயே மளிகைக் கடை ஒன்றில் வேலைக்குச் சென்றார்.

டூ-வாப் இசை

லைமன் வளர்ந்த காலத்தில் நியூயார்க், பிலடெல்பியா, சிகாகோ முதலிய நகரங்களில் டூ-வாப் இசை இளைஞர்களிடையே பரவியிருந்தது. இதற்கு இசைக்கருவிகள் கட்டாயம் இல்லை. எனவே கருவி வாங்க வசதியற்ற இளைஞர்கள் தெருமுனைகளிலும், பள்ளித் தாழ்வாரங்களிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டுகளிலும் கூடிப் பாடினர். எதிரொலி நன்றாகக் கேட்கும் இடங்களையே இக்குழுக்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தன.

ஒரு குழுவில் பொதுவாக நான்கு அல்லது ஐந்து பேர் இருப்பர். ஒருவர் பாடலின் சொற்களைப் பாடுவார். ஏனையோர் பொருளற்ற அசைகளை ஒத்திசைவுடன் பாடிப் பின்னணி அமைப்பர். கீழ்க்குரல் பாடகர் தாளத்தைத் தாங்குவார். இவ்வகைக்கு வழங்கும் பெயரும் அத்தகைய அசைகளிலிருந்தே வந்தது. பாடல்களில் பெரும்பாலானவை இளம்பருவக் காதலைப் பற்றியவை.

அக்காலத்தில் இப்பாடல்கள் நிமிடத்திற்கு 45 முறை சுழலும், 7 அங்குல விட்டமுள்ள வினைல் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும் ஒரு பாடல் இருக்கும். விலை குறைவாக இருந்ததால் பள்ளி மாணவர்களும் இவற்றை வாங்கினர். இதனால் சிறிய இசைத்தட்டு நிறுவனங்கள் பல தோன்றித் தெருமுனைக் குழுக்களைத் தேடி ஒப்பந்தம் செய்தன.

டீனேஜர்ஸ் குழு

நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் உள்ள பள்ளியொன்றில் பயின்ற ஹெர்மன் சான்டியாகோ, ஜிம்மி மெர்ச்சன்ட், ஜோ நெக்ரோனி, ஷெர்மன் கார்ன்ஸ் ஆகிய நால்வர் ஒரு குழுவாகப் பாடி வந்தனர். 1954 ஆம் ஆண்டு பள்ளி நிகழ்ச்சி ஒன்றில் இவர்களைச் சந்தித்த லைமன் ஐந்தாவது பாடகராகச் சேர்ந்தார். குழுவில் இவரே வயதில் இளையவர். சான்டியாகோவும் நெக்ரோனியும் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர். மற்ற மூவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். இரு சமூகத்தவரும் இணைந்த குழுவாக இது அமைந்தது.

வேலன்டைன்ஸ் என்ற குழுவின் பாடகரான ரிச்சர்ட் பாரெட் இவர்களது பாடலைக் கேட்டு, ஜீ இசைத்தட்டு நிறுவனத்தின் உரிமையாளரான ஜார்ஜ் கோல்ட்னரிடம் அழைத்துச் சென்றார். அதுவரை சான்டியாகோவே முன்னணிப் பாடகராக இருந்தார். லைமனின் உயர்ந்த, தெளிவான சிறுவர் குரலைக் கேட்டபின் முன்னணிப் பாடகர் இடம் அவருக்குச் சென்றது.

முதல் பாடல்

குழுவினர் பின்னாளில் கூறியதன்படி, அண்டை வீட்டார் ஒருவர் தமக்கு வந்த காதல் கடிதங்களை இவர்களுக்குக் கொடுத்திருந்தார். அவற்றில் இருந்த கவிதை வரியொன்றிலிருந்து சான்டியாகோவும் மெர்ச்சன்டும் ஒரு பாடலை உருவாக்கினர். லைமன் அதனைப் பாடியபோது மெட்டில் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. அதுவே 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' ஆயிற்று.

பாடல் கார்ன்சின் கீழ்க்குரல் அசைகளுடன் தொடங்குகிறது. அதன்மேல் மற்றவர்களின் குரல்கள் சேர, அனைத்திற்கும் மேலாக லைமனின் குரல் எழுகிறது. இடையில் ஜிம்மி ரைட் வாசித்த சாக்சபோன் இசை வருகிறது. காதலின் ஏமாற்றத்தைப் பற்றிய பாடலாக இருந்தபோதிலும், பாடுபவர் 13 வயதுச் சிறுவன் என்பதால் அதில் துயரத்தைவிடத் துள்ளலே மிகுந்து ஒலிக்கிறது.

1956 ஜனவரியில் வெளிவந்த இப்பாடல் பில்போர்டு இதழின் ரிதம் அண்ட் புளூஸ் வரிசையில் முதலிடத்தையும், பொது வரிசையில் ஆறாம் இடத்தையும் பெற்றது. அதே ஆண்டு ஜூலையில் ஐக்கிய இராச்சியத்திலும் முதலிடம் பெற்றது. கறுப்பினத்தவரின் பாடல்களை வெள்ளையினப் பாடகர்கள் உடனுக்குடன் மறுபதிவு செய்து வெளியிடுவது அக்கால வழக்கம். இப்பாடலையும் கேல் ஸ்டார்ம் என்ற நடிகையும், டயமண்ட்ஸ் என்ற கனடியக் குழுவும் அதே ஆண்டில் பாடினர். அவ்விரு பதிவுகளும் அமெரிக்காவில் முதல் 20 இடங்களுக்குள் வந்தன. எனினும் டீனேஜர்ஸ் குழுவின் மூலப் பதிவே அவற்றை விஞ்சி நின்றது.

புகழும் பிரிவும்

தொடர்ந்து 'ஐ வான்ட் யூ டு பி மை கேர்ள்', 'தி ஏபிசிஸ் ஆஃப் லவ்' முதலிய பாடல்கள் வெளிவந்தன. 1956 இல் வெளியான 'ராக், ராக், ராக்' திரைப்படத்தில் இக்குழு தோன்றி, தான் இளங்குற்றவாளி அல்லன் என்று ஒரு சிறுவன் கூறும் பொருளமைந்த பாடலைப் பாடியது. 1957 இல் ஐரோப்பாவில் பயணம் செய்து, இலண்டன் பல்லேடியம் அரங்கிலும் பாடியது.

அப்பயணத்தின்போதே லைமனைத் தனிப்பாடகராக முன்னிறுத்தும் முயற்சி தொடங்கியது. அவ்வாண்டிலேயே அவர் குழுவிலிருந்து பிரிந்தார். லைமன் இல்லாத டீனேஜர்ஸ் குழுவும், குழு இல்லாத லைமனும் பழைய வெற்றியை மீண்டும் அடையவில்லை. 1957 இல் முதல் 20 இடங்களுக்குள் வந்த 'கூடி கூடி' என்ற பாடல் குழுவின் பெயரிலேயே வெளியிடப்பட்டது. ஆனால் அதில் பாடியவர்களில் லைமன் மட்டுமே அக்குழுவைச் சார்ந்தவர்.

1957 ஜூலையில் ஆலன் ஃபிரீட் நடத்திய 'தி பிக் பீட்' என்ற ஏபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் லைமன் கலந்துகொண்டார். பாடி முடித்தபின் பார்வையாளர்களிடையே இருந்த ஒரு வெள்ளையினச் சிறுமியுடன் அவர் நடனமாடியது நேரலையில் ஒளிபரப்பானது. இனப் பிரிவினை நிலவிய தென் மாநிலங்களின் ஒளிபரப்பு நிலையங்களிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. சில வாரங்களில் அந்நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

குரல் மாற்றமும் போதைப் பழக்கமும்

ஆண் சிறுவர்களுக்குப் பதின்ம வயதில் குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் தாழ்கிறது. இதனைக் குரல் உடைதல் என்பர். லைமனின் புகழ் முழுவதும் உடையாத குரலைச் சார்ந்திருந்தது. குரல் மாறியபின் அவர் பொய்க்குரலில் பாடி அதனை ஈடுசெய்ய முயன்றார். 1960 இல் வெளிவந்த 'லிட்டில் பிட்டி பிரிட்டி ஒன்' என்ற பாடல் பில்போர்டு வரிசையின் நடுப்பகுதியை எட்டியது. அதன்பின் அவருக்கு வெற்றிப் பாடல் எதுவும் அமையவில்லை.

15 வயதிலேயே லைமன் எரோயின் என்னும் போதைப்பொருளுக்கு அடிமையாகியிருந்தார். 1961 இல் ரூலெட் நிறுவனம் அவருடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. மறுவாழ்வு சிகிச்சை பெற்றும் பழக்கம் முழுமையாக நீங்கவில்லை. 1966 இல் போதைப்பொருள் குற்றத்திற்காகக் கைதானபின், சிறைத்தண்டனைக்கு மாற்றாகப் படையில் சேர்க்கப்பட்டு, ஜார்ஜியா மாநிலத்தின் கோர்டன் படைத்தளத்திற்கு அனுப்பப்பட்டார். அருகிலுள்ள அகஸ்டா நகரில் ஒரு பள்ளி ஆசிரியையைச் சந்தித்து 1967 இல் மணம் புரிந்தார். அனுமதியின்றிப் பலமுறை படைத்தளத்தைவிட்டு வெளியேறியதால் பின்னர் படையிலிருந்து நீக்கப்பட்டார்.

இறப்பு

1968 இன் தொடக்கத்தில் மீண்டும் பாடும் வாய்ப்பு கிடைத்து லைமன் நியூயார்க் சென்றார். பிப்ரவரி 28 அன்று ஒலிப்பதிவு நடைபெறுவதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள், தாம் வளர்ந்த பாட்டியின் வீட்டுக் குளியலறையில் இறந்து கிடந்தார். அளவுக்கு மீறிய எரோயினே இறப்புக்குக் காரணமாகும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உள்ள புனித ரேமண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறை நெடுங்காலம் பெயர்க்கல் இன்றி இருந்தது.

பாடலின் உரிமை

ஒரு பாடலிலிருந்து இரு வகை வருவாய் கிடைக்கிறது. இசைத்தட்டு விற்பனையில் பாடகருக்குக் கிடைக்கும் பங்கு ஒன்று. பாடலை எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் கிடைக்கும் உரிமைத்தொகை மற்றொன்று. அமெரிக்காவில் வழக்கமான வானொலி நிலையங்கள் ஒரு பாடலை ஒலிபரப்பும்போது எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டுமே தொகை செலுத்துகின்றன, பாடியவருக்குச் செலுத்துவதில்லை. மற்றொரு பாடகர் அப்பாடலை மறுபதிவு செய்யும்போதும் எழுதியவரே பயனடைகிறார். எனவே இசைத்தட்டில் பாடகரின் பெயருக்கு அருகே சிறிய எழுத்தில் அச்சாகும் எழுதியவர் பெயர் பெருமதிப்புடையது. 1950களில் நிறுவன உரிமையாளர்கள் பலர் தாங்கள் எழுதாத பாடல்களிலும் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டனர்.

லைமனின் முதல் பாடல் லைமன், கோல்ட்னர் ஆகிய இருவர் பெயரில் பதிவு செய்யப்பட்டது. குதிரைப் பந்தயச் சூதாட்டத்தில் பெருங்கடன்பட்ட கோல்ட்னர் தம் நிறுவனங்களை ரூலெட் நிறுவனத்தின் மோரிஸ் லெவியிடம் விற்றார். 1960களில் கோல்ட்னரின் பெயர் இருந்த இடத்தில் லெவியின் பெயர் இடம்பெற்றது. லெவி பாடல் எழுதுபவர் அல்லர். நியூயார்க்கின் குற்றக்கும்பல்களுடன் தொடர்புடையவராகக் கருதப்பட்டவர். 1988 இல் மிரட்டிப் பணம் பறிக்கச் சதி செய்த வழக்கில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது; 1990 இல் இறந்தார்.

1981 இல் டயானா ராஸ் இப்பாடலை மறுபதிவு செய்தார். அது அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 25 ஆண்டுப் பழைய பாடல் மீண்டும் பெரும் வருவாய் ஈட்டியது. மேலும், அக்காலச் சட்டப்படி ஒரு படைப்பின் பதிப்புரிமையை 28 ஆண்டுகள் முடிவில் புதுப்பிக்க வேண்டும். எழுதியவர் இறந்திருந்தால் புதுப்பிக்கும் உரிமை அவரது மனைவிக்கும் மக்களுக்கும் செல்லும். ஆகவே லைமனின் சட்டப்படியான மனைவி யார் என்பது முக்கியமாயிற்று. பிளாட்டர்ஸ் குழுவின் பாடகி சோலா டெய்லர், பிலடெல்பியாவில் லைமனுடன் வாழ்ந்த ஒரு பெண், அகஸ்டா நகர ஆசிரியை ஆகிய மூவரும் தாமே மனைவி என உரிமை கோரினர். லைமன் எவரிடமிருந்தும் மணவிலக்குப் பெற்றிருக்கவில்லை. கீழ் நீதிமன்றம் பிலடெல்பியாப் பெண்ணுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டு, ஆசிரியையே சட்டப்படியான மனைவி என முடிவாயிற்று.

இதற்கிடையே 1987 இல் சான்டியாகோவும் மெர்ச்சன்டும் பாடலை எழுதியவர்கள் தாங்களே என வழக்குத் தொடர்ந்தனர். லெவியின் மிரட்டலுக்கு அஞ்சியே இத்தனை ஆண்டுகள் அமைதியாக இருந்ததாக அவர்கள் கூறினர். 1992 இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமான தீர்ப்பு கிடைத்தது. ஆனால் 1996 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. பதிப்புரிமைச் சட்டப்படி மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும், அக்காலம் எப்போதோ கடந்துவிட்டது என்பதே காரணம். அவர்கள் பாடலை எழுதவில்லை என்று அந்நீதிமன்றம் கூறவில்லை. கேட்கும் காலம் கடந்தது என்றே கூறியது. இதனால் எழுதியவர்களாக லைமன், லெவி ஆகியோரின் பெயர்களே நிலைத்தன.

தாக்கம்

பதின்ம வயதினர் பதின்ம வயதினருக்காகப் பாடும் வழக்கத்தைப் பெருவணிகமாக்கிய முன்னோடிகளுள் லைமன் ஒருவர். ரொனெட்ஸ் குழுவின் ரானி ஸ்பெக்டர், லைமனின் குரலைக் கேட்டே தாம் பாடகியாக விரும்பியதாகக் கூறியுள்ளார். மோடவுன் நிறுவனம் 1969 இல் அறிமுகப்படுத்திய ஜாக்சன் 5 குழுவும், அதில் முன்னின்று பாடிய சிறுவன் மைக்கேல் ஜாக்சனும் லைமனுடன் ஒப்பிடப்படுவது வழக்கம். பீச் பாய்ஸ் குழு 1964 இல் இவரது முதல் பாடலை மறுபதிவு செய்தது.

கார்ன்ஸ் 1977 இலும், நெக்ரோனி 1978 இலும் இறந்தனர். 1993 இல் லைமனும் டீனேஜர்ஸ் குழுவினரும் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் சேர்க்கப்பட்டனர். லைமனின் வாழ்வையும் மூன்று பெண்களின் வழக்கையும் அடிப்படையாகக் கொண்டு கிரெகரி நாவா இயக்கிய திரைப்படம், முதல் பாடலின் பெயரிலேயே 1998 இல் வெளிவந்தது. அதில் லாரன்ஸ் டேட் லைமனாக நடித்தார்.

முக்கியப் பாடல்கள்

- ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ் (1956)
- ஐ வான்ட் யூ டு பி மை கேர்ள் (1956)
- தி ஏபிசிஸ் ஆஃப் லவ் (1956)
- ஐ ஆம் நாட் எ ஜுவனைல் டெலின்குவன்ட் (1956)
- கூடி கூடி (1957)
- லிட்டில் பிட்டி பிரிட்டி ஒன் (1960)