மெர்டேக்கா அரங்கிற்கு வந்த முஹம்மது அலி

நீலாயிலிருந்து கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கிற்கு ஒரு மணி நேரப் பயணம்தான். 1975 ஜூலை 1ஆம் நாள் அங்கே முஹம்மது அலி, ஜோ பக்னரோடு 15 சுற்றுகள் மோதிப் புள்ளிகளில் வென்றபோது எங்கள் வயதினர் பிறக்கவே இல்லை. பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான்.

அன்னார் 1942இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிறந்தார். அன்று பெயர் கேஷியஸ் கிளே. 12 வயதில் சைக்கிள் களவு போனது. புகார் சொல்லப் போன இடத்தில் கண்ட போலீஸ்காரரே அவருக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். 1964இல் சோனி லிஸ்டனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். மறுநாளே தாம் இஸ்லாத்தில் இருப்பதை அறிவித்தார்.

1967இல், வியட்நாம் போர் நடந்த நேரத்தில், மார்க்கத்தைக் காரணம் காட்டி இராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் போயிற்று, உரிமம் போயிற்று, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் விதித்தார்கள். மேல்முறையீடு செய்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் 25 வயதிலிருந்து 28 வரை, உடல் முழு வலுவோடு இருக்கும் காலத்தில், மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியவில்லை. மூன்று மாதம் கடையை அடைத்தாலே என்ன ஆகும் என்று வியாபாரிகளான எங்களுக்குத் தெரியும். கல்லூரிகளில் உரையாற்றிக் காலம் தள்ளினார். 1971இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. போன ஆண்டுகள் போனவைதாம். கால்களில் பழைய வேகம் இல்லை.

அதனால் 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று ஜார்ஜ் ஃபோர்மனைக் களைக்க வைத்து, எட்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். அந்தப் பட்டத்தோடுதான் எட்டு மாதம் கழித்து நம் நாட்டுக்கு வந்தார்.

1981இல் கடைசிப் போட்டி. பிறகு பார்க்கின்சன் நோய். 1996இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையால் ஒலிம்பிக் சுடரை ஏற்றினார். 2016 ஜூன் 3ஆம் நாள் 74 வயதில் வஃபாத்தானார்.